டாக்டர் ஹூ ஒலி நாடகங்கள்: கேட்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய 'டாக்டர் ஹூ', காலத்தில் பயணம் செய்யும் 'டாக்டர்' என்பவரை நாயகராகக் கொண்ட அறிவியல் புனைவுத் தொடர். அவர் அவ்வப்போது உருமாறுவதால் வெவ்வேறு நடிகர்கள் அந்தப் பாத்திரத்தில் வருகிறார்கள்; முதல் டாக்டர், இரண்டாம் டாக்டர் என்று அவர்களை எண்ணிட்டுச் சொல்வது வழக்கம். தொடர் 1989இல் நின்றுபோனது; 2005இல்தான் மீண்டும் தொடராக வந்தது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் திரையில் வந்த முழுநீளக் கதை, 1996இல் வெளியான ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம்தான். தொடரே இல்லாத அந்தக் காலத்தில், 1999 ஜூலையில், பிக் ஃபினிஷ் என்ற பிரித்தானிய நிறுவனம் பிபிசியிடம் உரிமம் பெற்று, டாக்டராக நடித்த பழைய நடிகர்களையே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, புதிய கதைகளைக் குறுந்தகடுகளாக வெளியிடத் தொடங்கியது. தொலைக்காட்சித் தொடரை விரும்பிப் பார்த்துவிட்டு இந்த நாடகங்களைத் தேடி வருபவர்களில் பலர் ஒன்றிரண்டு கதைகளோடு விலகிவிடுகிறார்கள். அவர்களை விலக்குவது பெரும்பாலும் நாடகங்களின் குறை அன்று. அவற்றை அணுகும் முறையில் நேரும் சில தவறுகளே.

மிகப் பரவலான தவறு, முதல் எண்ணில் தொடங்கி வரிசையாகக் கேட்க முனைவது. 1999இல் 'தி சைரன்ஸ் ஆஃப் டைம்' நாடகத்தில் தொடங்கிய மாத வெளியீட்டு வரிசை 2021 மார்ச்சில் 275ஆவது வெளியீட்டோடு முடிந்தது. வாரத்துக்கு ஒன்று கேட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த எண்கள் வெளியான வரிசையைக் காட்டுகின்றனவே தவிர, கதையின் வரிசையை அல்ல. ஒரு மாதம் பீட்டர் டேவிசன் நடித்த ஐந்தாம் டாக்டர் என்றால், அடுத்த மாதம் சில்வெஸ்டர் மெக்காய் நடித்த ஏழாம் டாக்டர் வருவார். எனவே ஒரு டாக்டரைத் தேர்ந்துகொண்டு அவருடைய கதைகளை மட்டும் பின்தொடர்வதே சரியான வழி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பெயர்பெற்ற ஒரு நாடகத்தை நடுவிலிருந்து எடுத்துக் கேட்பது. பால் மெக்கன் நடித்த எட்டாம் டாக்டரின் கதைகளில் இது பெரிய இழப்பாக முடியும். 2001 ஜனவரியில் வந்த 'ஸ்டார்ம் வார்னிங்' நாடகத்தில், 1930இல் அன்றைய பிரித்தானிய இந்தியாவின் கராச்சியை நோக்கிப் புறப்பட்டு, பிரான்சில் விழுந்து எரிந்த ஆர்101 என்ற உண்மையான வான்கப்பலில் ஒளிந்து பயணம் செய்யும் சார்லி போலார்ட் என்ற இளம்பெண்ணை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். வரலாற்றின்படி இறந்திருக்க வேண்டியவள் உயிரோடிருக்கிறாள் என்ற அந்த ஒரு முடிச்சுதான் 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்', 'நெவர்லேண்ட்' ஆகியவற்றின் வழியாக இறுகிக்கொண்டே போய், 2003இல் தொடரின் நாற்பதாம் ஆண்டுக்காக வந்த 'ஜாக்ரியஸ்' நாடகத்தில் வந்து நிற்கிறது. பழைய டாக்டர் நடிகர்கள் பலர் ஒன்றாக நடித்தது என்ற ஈர்ப்பில் 'ஜாக்ரியஸ்' நாடகத்தை முதலில் எடுப்பவருக்கு அது புரியாத கூச்சலாகவே ஒலிக்கும். அதற்கு அடுத்து வந்த 'ஸ்கெர்சோ' இரண்டே நடிகர்களைக் கொண்டு எழுதப்பட்ட துணிச்சலான நாடகம். டாக்டருக்கும் சார்லிக்கும் இடையே என்ன நடந்தது என்பதை அறியாமல் கேட்டால் அதன் வலி நம்மை வந்து சேராது.

'ஸ்டார்ம் வார்னிங்' தொடக்கத்தில் டாக்டர் தனியாக இருந்துகொண்டு தாம் காண்பதையெல்லாம் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது செயற்கையாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. சார்லி வந்ததும் நாடகம் தானாக மூச்சுவிடத் தொடங்கிவிடும்.

மூன்றாவது தவறு, வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பது. ஒலிப்புத்தகம் என்றால் விவரிப்பவரின் குரல் நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். இந்த நாடகங்கள் பெரும்பாலானவற்றில் அப்படி ஒருவர் இல்லை. ராபர்ட் ஷியர்மன் எழுதிய 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்' நாடகத்தை நான் முதன்முறை பேருந்தின் இரைச்சலில் கேட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. பின்னர் ஓர் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து எட்வர்டிய கால இங்கிலாந்து வீடொன்றின் வேலைக்காரர்கள் பகுதி. கடிகாரம் மணியடிக்கிறது, ஒருவர் இறக்கிறார். பிளம் புட்டிங் என்ற கிறிஸ்துமஸ் இனிப்பைப் பற்றிய ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் சமையற்காரப் பெண்மணியின் சாதாரணப் பெருமைப் பேச்சாகக் காதில் விழும் அது, நான்காவது பகுதிக்குள் நெஞ்சைப் பிடிக்கும் அச்சமாக மாறியிருக்கும். அந்த மாற்றம் முழுவதும் குரலின் ஏற்ற இறக்கத்திலும் மணியோசைகளுக்கு இடையிலுள்ள அமைதியிலும்தான் நிகழ்கிறது. மாத வெளியீடுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடப் பகுதிகள் நான்காகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் பழைய தொடரைப் போல ஒரு திகில் முனையில் முடிபவை. நாளுக்கு ஒரு பகுதி என்று கேட்பதே அவற்றின் நடைக்கு ஏற்றது.

பழைய அத்தியாயங்களின் ஒலித்தடங்களையும் இந்த நாடகங்களையும் ஒன்றென எண்ணிக் குழம்புவோரும் உண்டு. 1960களின் அத்தியாயங்களில் 90க்கும் மேற்பட்டவற்றின் படச்சுருளையும் நாடாவையும் பிபிசி அழித்துவிட்டது. ஆனால் ரசிகர்கள் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து வைத்திருந்ததால் அவை எல்லாவற்றின் ஒலியும் பிழைத்தது. வர்ணனை சேர்த்து வெளியிடப்பட்ட அந்த ஒலித்தடங்கள், நம் வானொலியில் கேட்ட திரைப்பட ஒலிச்சித்திரத்தைப் போன்றவை. பிக் ஃபினிஷ் வெளியீடுகளோ காதுக்கென்றே எழுதப்பட்ட நாடகங்கள். முன்னதைக் கேட்டுச் சலித்தவர் பின்னதை ஒதுக்கிவிடக் கூடாது.

திரையில் பிடிக்காத டாக்டரைத் தவிர்ப்பது, என் கணிப்பில், எல்லாவற்றிலும் வருத்தத்துக்குரிய தவறு. கோலின் பேக்கர் 1984 முதல் 1986 வரை நடித்த ஆறாம் டாக்டர், கண்ணை உறுத்தும் பலவண்ணக் கோட்டும் கடுகடுப்புமாகவே பலர் நினைவில் நிற்கிறார். அவர் முழுமையாக வளரும் முன்பே பாத்திரத்திலிருந்து நீக்கப்பட்டார். ஒலியில் அந்தக் கோட்டு இல்லை. 2000இல் வந்த 'தி மேரியன் கான்ஸ்பிரசி' நாடகத்தில் ஈவ்லின் ஸ்மைத் என்ற ஐம்பத்தைந்து வயது வரலாற்று விரிவுரையாளர் அவருக்குத் துணையாக வருகிறார். மேகி ஸ்டேபிள்ஸின் குரலில் அந்த அம்மையார் டாக்டரை அதட்டவும் செய்கிறார், கோகோ கலந்து கொடுத்துத் தேற்றவும் செய்கிறார். அவரோடு பேசும்போது பேக்கரின் குரலில் வரும் கனிவைத் தொலைக்காட்சி நமக்குத் தரவே இல்லை.

மறைந்த நடிகர்களின் இடத்தில் வேறு குரல்கள் வருவதை ஏற்க மறுப்பதும் இதைப் போன்றதே. ஜான் பெர்ட்வீயின் மூன்றாம் டாக்டராக டிம் ட்ரெலோர் பேசுவது நகலெடுப்பு அன்று. பத்து நிமிடம் பொறுத்தால் காது பழகிவிடும்.

இறுதியாக, 'இவையெல்லாம் தொலைக்காட்சித் தொடரின் உண்மையான கதையில் சேருமா?' என்ற கேள்வியை வாசலிலேயே நிறுத்திவைத்து உள்ளே நுழையாமல் போவது. 2013இல் பிபிசி வெளியிட்ட 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' என்ற குறும்படத்தில், மெக்கன் நடித்த எட்டாம் டாக்டர் தம் கடைசி நிமிடங்களில் சார்லி முதலான ஒலி நாடகத் தோழர்களின் பெயர்களைச் சொல்லி விடைபெறுகிறார். ஷியர்மனின் 'ஜூபிலி' நாடகத்திலிருந்தே 2005இன் தொலைக்காட்சித் தொடரில் வந்த 'டாலெக்' அத்தியாயம் பிறந்தது. எந்த முன்கதையும் வேண்டாம், ஒன்றே ஒன்றைக் கேட்டுப் பார்க்கிறேன் என்பவருக்கு 2002இல் வந்த மார்க் பிளாட்டின் 'ஸ்பேர் பார்ட்ஸ்' நாடகத்தைத் தருவேன். மனிதர்கள் சைபர்மென் என்ற உணர்ச்சியற்ற இயந்திர உருவங்கள் ஆன கதை அது. ஒரு தொழிலாளர் குடும்பத்தின் வீட்டுக்கு, பாதி மாற்றப்பட்ட ஓர் உருவம் வந்து சேர்கிறது. அதன் இயந்திரக் குரலுக்குள்ளிருந்து ஓர் அழுகை கேட்கிறது. அது யாருடைய அழுகை என்று அந்த வீட்டாருக்குத் தெரியும் கணத்தில் நமக்கும் தெரிந்துவிடுகிறது.