வாழையிலைச் சோற்றுக் கடையின் சுற்றுச்சூழல் பொறுப்பு: பின்கட்டிலிருந்து தொடங்கும் முறை

கோலாலம்பூரில் வாழையிலைச் சோற்றுக் கடை நடத்தும் ஒருவர் சுற்றுச்சூழலுக்காக ஏதேனும் செய்ய விரும்பினால், அவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் பாத்திரம் கழுவும் தொட்டி. உறிஞ்சுகுழலை நிறுத்துவதும் சுவரில் பச்சை இலைப் படம் ஒட்டுவதும் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை.

கடையிலிருந்து தண்ணீர் இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. கழிவுநீர்க் குழாய் வழியே போவது இண்டா வாட்டர் போன்ற நிறுவனங்களின் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. பின்சந்திலுள்ள திறந்த கால்வாய், அதாவது நாம் லோங்காங் என்று சொல்வது, மழைநீருக்காகக் கட்டப்பட்டது. அதில் விழும் எண்ணெய் எந்தச் சுத்திகரிப்புக்கும் உட்படாமல் ஆற்றில் கலக்கிறது. செந்தூல் பக்கத்துக் கடையானாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையானாலும் அந்த நீர் கடைசியில் சேருமிடம் கிள்ளான் ஆறுதான். எனவே ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் தூளை நன்கு கரைத்து, கடையிலுள்ள தொட்டி, தரைத் துவாரம் ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஊற்றிப் பாருங்கள். கால்வாயில் மஞ்சள் தெரிந்தால் அந்த இணைப்பு தவறானது. அதை மாற்றும்வரை அங்கே எதையும் கழுவாதீர்கள். மிதியடிகளையும் குப்பைத் தொட்டிகளையும் பின்சந்தில் வைத்துக் கழுவும் வழக்கமும் இதே தவறுதான். அதைப் பெரும்பாலான கடைகளில் தவறென்றே யாரும் நினைப்பதில்லை. கால்வாயில் கழிவைக் கொட்டுவது 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் குற்றமாகும்.

அடுத்தது கிரீஸ் டிராப், அதாவது கழுவும் நீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடித்துவைக்கும் கொழுப்புப் பொறி. இது எளிய ஏற்பாடு: தண்ணீர் உள்ளே வந்து வேகம் குறைந்து ஆறும்போது எண்ணெய் மேலே மிதக்கிறது, சோற்றுப் பருக்கைகள் அடியில் படிகின்றன, நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறுகிறது. மேலே மிதப்பதும் அடியில் படிவதும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் கால் பங்கை எட்டிவிட்டால், பொறி தன் வேலையைச் சரியாகச் செய்யாது. அதற்கு முன்பே துப்புரவு செய்துவிட வேண்டும். பரபரப்பான கடையில் இது சில நாட்களிலேயே நேர்ந்துவிடும் என்பதால், முதல் இரண்டு வாரங்கள் தினமும் மூடியைத் திறந்து ஒரு குச்சியால் அளந்து, உங்கள் கடைக்குரிய இடைவெளியை நீங்களே கண்டறிவது நல்லது. நாற்றம் வந்தபின் ஆளைக் கூப்பிடுவது காலம் கடந்த செயல். கொதிநீரையும் சோப்பையும் ஏராளமாக ஊற்றி அடைப்பை நீக்குவது அதைவிடக் கேடு; கொழுப்பு அப்போதைக்குக் கரைந்து பொறியைத் தாண்டிச் சென்று, தெருக் குழாயில் மீண்டும் உறைந்து நிற்கும். வழித்தெடுத்த கசடை மூடியுள்ள கலத்தில் சேர்த்து, உரிமம் பெற்ற குத்தகையாளரிடம் ஒப்படையுங்கள்.

பொறியின் சுமையைக் குறைப்பதற்கு வழி, கழுவுவதற்கு முன்பே வழித்துவிடுவது. குழம்புச் சட்டியைத் தண்ணீரில் போடுமுன் சுரண்டி எடுத்து, காகிதத்தால் துடைத்து, தொட்டித் துவாரத்தில் சல்லடை வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். கழுவுமிடத்தில் நிற்பவர் வங்காளதேசத்தவராகவோ நேப்பாளியாகவோ இருக்கலாம். அவருக்குப் புரியும் மொழியில் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரியாதவரை, முதலாளி நகர்ந்ததும் சல்லடையும் நகர்ந்துவிடும்.

பொரித்த எண்ணெய் தனிக் கணக்கு. அதை ஆறவைத்து, வடிகட்டி, மழை படாத இடத்தில் மூடியுள்ள டின்னில் வையுங்கள். பயோடீசலுக்காக அதை விலை கொடுத்து வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் கலந்தால் விலை குறையும். கிரீஸ் டிராப்பின் கசடை அதோடு கலந்துவிட்டால் டின் முழுவதும் வீணாகும். அந்த எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்டு, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எண்ணெய் மீண்டும் யாருடைய சட்டிக்காவது திரும்பினால் அதில் உங்களுக்கும் பங்குண்டு.

இனி இலைக்கு வருவோம். சாப்பிட்டு முடித்தவர் இலையை மடித்துவிடுவதால், எவ்வளவு மிஞ்சியது என்பது முதலாளியின் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஒரு வாரம் மட்டும் இலைகளைத் திறந்து, மிச்சத்தைச் சோறு, காய்கறி, அப்பளம் என்று பிரித்து நிறுத்துப் பாருங்கள். எது மிஞ்சுகிறதோ அதை முதல் பரிமாறலில் குறைத்து, கேட்டால் மறுபடி வைக்கும்படி பரிமாறுபவரிடம் சொல்லுங்கள். மறுசோறு எப்படியும் நம் வழக்கம்தான், ஆகையால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். தலைநகரின் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையம் வழியாக உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகார் நிலநிரப்பிடத்துக்குச் செல்கிறது. அங்கே காற்றில்லாமல் மக்கும் சோறு மீத்தேனை உண்டாக்கும். நூறு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் அந்த வாயுவின் வெப்பமூட்டும் ஆற்றல் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு. வாழையிலை நல்ல உரமாகும், ஆனால் டிஷ்யூவும் பிளாஸ்டிக்கும் அதனுள் இல்லாதிருந்தால் மட்டுமே. மேசையை எடுப்பவர் அவற்றை முதலில் தனியே அகற்ற வேண்டும். இலையைத் துண்டாக நறுக்கினால் விரைவில் மக்கும்.

பொட்டலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொலிஸ்டிரீன் பெட்டி, கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் 2017ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. பழுப்புக் காகிதம் பாதுகாப்பானதென்று நினைக்க வேண்டாம். அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், ஆகவே அது உரமாகவும் ஆகாது, பழைய காகிதமாகவும் விலைபோகாது. அடுக்குத் தூக்கு கொண்டுவருபவருக்கு விலையில் சிறிது குறைத்துக் கொடுங்கள்.

இவையெல்லாம் நடக்கிறதா என்று அறிய ஒரு குறிப்பேடு போதும். பொறியைத் திறந்த நாள், திறந்தவர் பெயர், எண்ணெய் விற்ற அளவு, வந்த பணம் ஆகியவற்றை அதில் எழுதிவாருங்கள். அந்தப் பணத்தை மற்ற வரவில் கலக்காமல் வைத்தால், பொறியைத் துப்புரவு செய்யும் செலவில் ஒரு பகுதியை அதுவே ஏற்றுக்கொள்ளும்.