இருநிற ஹோஸ்டா: நிழலில் நிறம் கெடாமல் வளர்க்க

ஹோஸ்டா இலையழகுக்காக வளர்க்கும் நிழல்செடி; இருநிற வகைகளின் இலையில் பச்சையோடு வெள்ளையோ மஞ்சளோ கலந்திருக்கும். அதன் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா. குளிர்காலத்தில் இலைகளை இழந்து மண்ணுக்குள் உறங்கி எழுந்தால்தான் அது செழிக்கும். சென்னை, யாழ்ப்பாண வெயிலில் நிலைக்காது. ரொறன்ரோ போன்ற உறைபனி ஊர்களில் பல ஆண்டுகள் வாழும்.

நிழல்செடி என்பதற்காக இருட்டு மூலையில் வைத்துவிடாதீர்கள். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. பச்சைப் பகுதிதான் முழு இலைக்கும் உணவு சமைக்கிறது. காலையில் இரண்டு மணி நேர இளவெயில், பிறகு நிழல் என்பதே நல்ல இடம். வெள்ளை விளிம்புள்ள 'பேட்ரியட்' என்ற வகை இதில் நன்றாக வரும். நடுப்பகுதி வெள்ளையான வகைகள் மதிய வெயிலில் கருகும்.

மே மாதம், உறைபனி ஓய்ந்ததும் நடுங்கள். குழி 30 செ.மீ. ஆழம், வேர்க்கட்டியைப் போல இரு மடங்கு அகலம். எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மட்கு கலக்கவும். தொட்டிக்குள் சுற்றிக்கொண்ட வேர்களைக் கையால் பிரித்துவிடுங்கள். முளை கிளம்பும் தூர் மண்மட்டத்தில் இருக்கட்டும். ஆழப் புதைத்தால் அழுகும். மண்மேல் பரப்பும் மூடாக்கு 5 செ.மீ. போதும், தூரைத் தொடக்கூடாது. மேப்பிள் மரத்தடியைத் தவிர்ப்பது நல்லது. அதன் மேல்வேர்கள் உங்கள் குழிக்குள்ளேயே புகுந்து தண்ணீரைக் குடித்துவிடும்.

வாரம் 2.5 செ.மீ. அளவு நீர் தேவை. மழை போக மீதியை விடியற்காலையில் வேரடியில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று ஓடில்லா நத்தைகளை வரவழைக்கும். முளை தெரியும்போதே அவற்றைக் கொல்லும் இரும்பு பாஸ்பேட் குருணையைத் தூவுங்கள்; இலை ஓட்டையான பிறகு போட்டால், அந்த ஓட்டை இலையுதிர்காலம் வரை அப்படியே இருக்கும். உரம் வசந்தத்தில் ஒருமுறை போதும்.

கூட்டத்தில் ஒரு தண்டு மட்டும் முழுப் பச்சையாக வந்தால் உடனே அகற்றுங்கள். பச்சையம் கூடியதால் அது வேகமாகப் பெருகி இருநிறத் தண்டுகளை அமுக்கிவிடும். இலையை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கூரிய கத்தியால் அந்தத் தூரை வேரோடு பிரித்தெடுக்க வேண்டும். ஆனால் சில வகைகளின் மஞ்சள் நிறம் கோடையில் தானாகவே பச்சையாகும். அப்படி எல்லா இலையும் ஒன்றாக மாறினால் கை வைக்காதீர்கள்.

விதை போட்டால் இந்த நிறம் பெரும்பாலும் வராது. ஆகவே தூர் பிரித்துத்தான் பெருக்க வேண்டும்: வசந்த முளைப்பில், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று முளை இருக்குமாறு.

ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் இடையே கத்தியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்வதைத் தவறவிடவே கூடாது. ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்ற நோய்க்கிருமி செடியின் சாற்றின் வழியே பரவுகிறது. நரம்பையொட்டி மை ஊறியதுபோல் கறை, மேடுபள்ளமான இலை ஆகியவை அதன் அடையாளம். மருந்து கிடையாது. செடியை வேரோடு தோண்டிக் குப்பையில் போடுங்கள், மட்குக்குழியில் வேண்டாம். மண்ணில் வேர்த்துணுக்கு உயிரோடு இருக்கும்வரை அங்கே வேறு ஹோஸ்டா நடாதீர்கள்.