பைக்கை வாடகைக்கு விடுமுன் புக்கை எடுத்துப் பாருங்கள்

ஏப்ரல் முடிந்து உல்லைக் கடலில் அலை எழும்பத் தொடங்கினால், அறுகம்பைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு ஸ்கூட்டி கழுவித் துடைத்து வாசலுக்கு வந்துவிடும். ஒக்டோபர் வரை அதுதான் சீசன். அலைச் சறுக்கலுக்கு வருகிறவர்களுக்கு விஸ்கி பொயின்ட், பீனட் ஃபாம், பாணமை, ஒகந்தை என்று போய்வர ஒரு வண்டி வேண்டும். நம்மிடமோ பைக் பாதி நாள் சும்மா நிற்கிறது. இதில் என்ன நட்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவனுக்கு யாரும் பைக் கொடுப்பதில்லை. மச்சானுக்குத் தெரிந்த ஆளுக்குத்தான் கொடுக்கிறோம். அந்த ஆளை மச்சானுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், முந்தாநாள் கெஸ்ட் ஹவுசில் வந்து இறங்கியவன் என்பான். நான் கொடுத்ததும் அப்படி ஒருவனுக்குத்தான். நல்ல பொடியன், சிரித்த முகம். மூன்றாம் நாள் பாணமை ரோட்டில், மணல் ஏறிக்கிடந்த வளைவில் விழுந்தான். கை முறிந்தது, முன் ஃபோர்க் வளைந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கோல் அடித்தேன். யார் ஓட்டியது என்று கேட்டார்கள், சொன்னேன். அடுத்த கேள்வி: “காசு வாங்கிக் கொடுத்தீங்களா?” அதோடு பேச்சு முடிந்தது. கராஜ் செலவு முழுக்க என் தலையில்.

அவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது. பத்திரத்தில் “தனிப்பட்ட பாவனை” என்று எழுதியிருந்ததை நான்தான் வாசிக்கவில்லை. சொந்தப் பாவனைக்கு எடுத்த இன்சூரன்ஸ், வாடகைக்கு விட்ட வண்டிக்கு நிற்காது. ஃபுல் இன்சூரன்ஸ்தானே என்று நம்பியிருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வாடகைப் பாவனைக்குத் தனி வகை உண்டு, தவணைக் காசு கூடும். கம்பெனியில் கேட்டு, வாயால் அல்ல, பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கூடுதல் காசைக் கழித்த பிறகும் வாடகை கட்டுப்படியாகிறதா என்று அப்போது பார்க்கலாம். எனக்குக் கட்டவில்லை.

அடுத்தது புக், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகம். அதில் யார் பெயர் இருக்கிறது? லீசிங்கில் ஓடுகிற பைக் என்றால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். அவர்களுடைய ஒப்பந்தத்தில் வண்டியைப் பிறருக்கு வாடகைக்கு விடக்கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும், தேடிப் பாருங்கள். ஓபன் பேப்பரில், அதாவது விற்றவரின் கையெழுத்து மட்டும் உள்ள பேப்பரில் வாங்கி இன்னும் பெயர் மாற்றாத பைக்கை வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏதாவது நடந்தால் பொலிஸ் முதலில் போய் நிற்பது எங்கேயோ இருக்கிற பழைய சொந்தக்காரர் வீட்டில். அந்த மனுசனின் சாபம் நமக்கெதற்கு?

இனி லைசன்ஸ். இதைத்தான் நிறையப் பேர் “இருக்கா?” “இருக்கு” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் பலரிடம் இருப்பது கார் ஓட்டும் லைசன்ஸ் மட்டுமே. அவர்கள் கொண்டுவரும் சர்வதேச அனுமதிப்பத்திரப் புத்தகத்தில் ஏ, பி, சி என்று வரிசை இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு உரியது ஏ. அந்த இடத்தில் முத்திரை இல்லாமல் பி-யில் மட்டும் இருந்தால் அவர் காருக்கு ஆள், பைக்குக்கு இல்லை. முத்திரை இருந்தாலும், இலங்கையில் ஓட்ட அதற்கு சிலோன் ஆட்டோமொபைல் அசோசியேஷனின் ஒப்புதல் வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கருமபீடமும் இருக்கிறது. அதைக் காட்டினாலும் எந்த வகை வாகனத்துக்கு என்று வாசித்துவிட்டுத்தான் சாவியை எடுக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர் என்றாலும் இதே கதைதான். லைசன்ஸில் ஏ1 வகை என்பது 100 சிசி வரையான பைக்குக்கு. இப்போது ஓடுகிற ஸ்கூட்டிகளில் பெரும்பாலானவை 110, 125 சிசி, அவற்றுக்கு ஏ வேண்டும். பி1 வைத்திருப்பவர் ஆட்டோ ஓட்டலாம், உங்கள் பைக்கை ஓட்ட முடியாது. லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டிப் பிடிபட்டால் வழக்கு ஓட்டியவரோடு நிற்காது, ஓட்டக் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான்.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைக்காதீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். பாஸ்போர்ட் அந்த நாட்டு அரசின் சொத்து. தொலைந்துவிட்டது என்று தூதரகத்தில் சொல்லி வேறு எடுத்துக்கொண்டு அவர் பறந்துவிடலாம், வாங்கி வைத்த நமக்குத்தான் பதில் சொல்லும் வேலை. பிரதி போதும், கூடவே முற்பணம் காசாக. எவ்வளவு என்று முடிவு செய்யும்போது நீங்கள் வாங்கிய விலையை நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் ஓடித் தேய்ந்த ஸ்கூட்டி வாங்கிய விலைக்கு மேலே போனதைப் பார்த்தோம்தானே. இன்று அதே போல ஒன்று வாங்க என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு.

மட்டக்களப்பு டவுனில் அல்லது வாழைச்சேனைப் பக்கம் கொடுப்பவர்களிடம் வருவது பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள். அடையாள அட்டைப் பிரதியை வாங்கி மடித்து வைப்பதற்கு முன் இலக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். 12 இலக்கப் புதிய எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். முன்னால் நிற்பவர் மீசைக்காரர், அட்டையில் அந்த மூன்று இலக்கம் 640 என்றால், அப்புறம் நான் சொல்லத் தேவையில்லை.

சங்கிலி அறுப்புக்கோ கசிப்புக் கடத்தலுக்கோ பைக் போனால் இலக்கத் தகட்டை வைத்துத் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. அந்த நேரத்தில் யார் ஓட்டினார் என்று சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை. எழுதி வாங்குகிறவர்கள்கூடத் திகதியோடு விட்டுவிடுகிறார்கள். மணியையும் எழுதுங்கள். 14-ஆம் திகதி காலை 9.20-க்குக் கொடுத்தது, கிலோமீட்டர் இவ்வளவு, தொலைபேசி எண் இது, இரு பக்கமும் கையெழுத்து. வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் ஒரு வரி. இங்கிலிஷில் நாலு வரி எழுதித் தர ஊரில் ஒரு ரீச்சர் இல்லாமலா போவார்?

ஹெல்மெட் இரண்டு கொடுங்கள், பின்னால் இருப்பவருக்கும் சட்டம் ஒன்றுதான். சாவி கொடுக்குமுன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, அவரும் அதில் தெரிகிற மாதிரி. ஆறு மணிக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பதைக் கட்டாயமாகச் சொல்லுங்கள். பாணமை ரோட்டிலும் லகுகல பக்கமும் இருட்டினால் யானை ஏறும். வருகிறவர்களுக்கு அது போட்டோ எடுக்கிற சாமான். மறுகா, யானை திரும்பினால், ஓடுகிற வேகத்தில் பைக்கைப் போட்டுவிட்டு வருவார்கள்.

சேர்ஃப் போர்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போக விடாதீர்கள். பக்கத்தில் மாட்டும் கம்பியை நீங்களே பூட்டிக் கொடுத்தால் சீட்டும் சைலன்சரும் தப்பும். வண்டி திரும்பி வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈர உடுப்போடு ஏறியிருப்பார்கள், சீட்டுக்கு அடியில் உப்பு நிற்கும். செயின் பைக் என்றால் கழுவின கையோடு எண்ணெய் விடுங்கள். எயார் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் பாணமைக் கடற்கரையில் பாதி அதற்குள் இருக்கும்.