மூன்று வரி நோட்டு: எழுதப் பழகுகிறவர்களுக்கு

எழுத ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எதைப் பற்றி எழுதுவது?" என்றுதான். அவர்களை வேலூர்க் கோட்டை அகழியோரம் அழைத்துப் போய் உட்கார வைப்பேன். கையில் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் படி, தினம் மூன்று வரி. கண்ணில் பட்டது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று, மூக்கில் ஏறியது ஒன்று. 'அழகு', 'அருமை' இரண்டுக்கும் முதல் மாதம் இடம் கொடுக்காதீர்கள். எங்கள் ஊர் வெயிலில் மதியம் எதுவும் ஓடாது, விடியற்காலைதான் சரி. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ஆறு வரி எழுதி ஈடுகட்ட வேண்டாம்.

அடுத்தது, சொல் சேர்ப்பது. நாம் 'கத்தரிக்காய்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். மார்க்கெட்டில் விற்கிறவரோ 'இலவம்பாடி முள்ளுக் கத்தரி' என்பார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. அவசரமாகக் காம்பைப் பிடித்தால் விரலில் குத்தும். 'முள்ளு' என்று சேர்த்து எழுதிப் பாருங்கள், அரிகிறவரின் விரலும் வரிக்குள் வந்துவிடும்.

மூன்றாவது, ஆறப்போட்டுத் திருத்துவது. எழுத்து வளர்வது இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். எழுதியதை மூன்று நாள் தொடாதீர்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். என் பழைய நோட்டில் இப்படி இருந்தது:

'வறண்டு கிடக்கும் பாலாற்றைப் பார்க்கையில் மனம் மிகவும் வேதனை அடைந்தது.'

வாய்விட்டுப் படித்தபோது ஆறு எங்குமே தெரியவில்லை. மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன்:

'பாலாற்று மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து பாலத்தின் தூணில் பட்டுத் திரும்புகிறது. 2021 நவம்பரில் வெள்ளம் முட்டிக்கொண்டு ஓடிய தூண் அது.'

'வேதனை' என்ற சொல் இதில் இல்லை. ஆனால் படித்த நண்பர், "மனசு கனத்துவிட்டது" என்றார்.

கடைசியாக, சரிபார்ப்பது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி எழுதும்போது, திப்பு சுல்தானையே கோட்டையில் சிறைவைத்திருந்ததாக எழுதிவிட்டேன். "தம்பி, திப்பு 1799லேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்துவிட்டாரே, இங்கே இருந்தது அவருடைய குடும்பம்தானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். முகத்தை நிமிர்த்த முடியவில்லை. அன்றிலிருந்து ஆண்டு, பெயர், ஊர் எது வந்தாலும் அடியில் பென்சிலால் கோடு போடுகிறேன். புத்தகத்தில் பார்த்து உறுதி செய்த பிறகே அழிக்கிறேன்.

பக்கத்துக்கு இருபது வரி உள்ள நாற்பது பக்க நோட்டு, இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது மாதம் வரும். நிரம்பியதும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துவிட்டு, அடுத்த நோட்டை வாங்குங்கள்.