பாதி தெரிந்த பாடம்: புவியியல், பொருளியல் ஆசிரியர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு பி.எட். சேர்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பி.ஏ. பொருளியல் முடித்த கையோடு பி.எட். போட்டுவிட்டால் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்குப் பொருளியலில் இளங்கலை மட்டும் போதாது, எம்.ஏ. வேண்டும். வணிகவியல், அரசியல் அறிவியல், சமூகவியல் படித்தவர்களுக்கும் இதே கதைதான். புவியியலுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் புவியியல்காரர் 6 முதல் 10 வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியராகவும், பொருளியல்காரர் 11, 12 எடுக்கும் முதுகலை ஆசிரியராகவும் போவதுதான் வழக்கமான பாதை. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில், இல்லையென்றால் இணையானது என்று அரசு ஏற்றுக்கொண்ட பாடத்தில் இருக்க வேண்டும். வேறு பட்டம் வாங்கிவிட்டு அஞ்சல் வழியில் எம்.ஏ. பொருளியல் படிக்கப் போகிறவர், கட்டணம் கட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் போய்த் தெரிந்துகொள்வது கொடுமை.

இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பாடநூலில் மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி), உலகமயமாதல், உணவுப் பாதுகாப்பு, வரிகள், தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகள் என்று பொருளியல் வருகிறது. அதை எடுப்பவர் பெரும்பாலும் பொருளியல் படித்தவர் அல்ல. வரலாறோ புவியியலோ படித்தவர். ஒரே புத்தகத்தில் நான்கு பாடம், கையில் ஒரு பட்டம். ஆனால் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போனதும் பலர் செய்வது என்ன? வழிகாட்டி ஆசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் புவியியல் பாடங்களாகவே வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்கிறோம். தெரியாத பாடத்தைத் தப்பும் தவறுமாக எடுத்துப் பார்த்து, பின்பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து திருத்துகிற வாய்ப்பு அதற்குப் பிறகு கிடைக்காது. "மேடம், ஜிடிபி பாடத்தை நான் எடுக்கிறேன்" என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பாடத்தில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நாட்டில் விற்ற எல்லாவற்றையும் கூட்டினால் ஜிடிபி என்று சொல்லிவிடுவார்கள். திருப்பூரில் ஒரு பனியன் தயாராவதை எடுத்துக்கொள்வோம். பஞ்சு 40 ரூபாய், நூல் 70, துணி 100, பனியன் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் கூட்டினால் 360 வரும். அது தவறு, ஏனென்றால் பஞ்சின் விலை நூலுக்குள்ளும், நூலின் விலை துணிக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது. கணக்கில் வருவது கடைசியாக விற்ற பனியனின் 150 மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கூடிய மதிப்பை (40, 30, 30, 50) கூட்டினாலும் அதே 150 வருகிறது என்று பலகையில் போட்டுக் காட்டினால், வரையறையை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. அப்புறம் பணவீக்கம். அது 6 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று மாணவர்கள் எழுதுவார்கள், சில பயிற்சி ஆசிரியர்களும் அப்படியே சொல்வார்கள். விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது.

எம்.ஏ. படித்தவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். பதினோராம் வகுப்பில் தேவை விதி எடுக்கும்போது, விலை கூடினால் தேவை குறையும் என்று சொல்லிக் கோட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு மாணவி எழுந்து, "பொங்கலுக்கு மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றாலும் எங்கம்மா வாங்குறாங்களே மிஸ்?" என்று கேட்டால் திணறல். "அது விதிவிலக்கு, உட்காரு" என்பது மோசமான பதில், தவறான பதிலும்கூட. மார்கழி, தைப் பனியில் செடியில் பூ குறைந்து சந்தைக்கு வரத்து குறைகிறது. அதே நேரத்தில் பண்டிகையும் தை முகூர்த்தமும் சேர்ந்து எந்த விலையிலும் வாங்க ஆள் கூடுகிறது. இங்கே தேவைக்கோடு வலப்பக்கம் இடம்பெயர்ந்துவிட்டது, அளிப்புக்கோடு இடப்பக்கம். 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்ற நிபந்தனையோடுதான் விதி சொல்லப்படுகிறது. தை மாதத்தில் அந்த மற்றவைதான் மாறிவிட்டன. கோட்டின் மேலேயே நகர்வதும் கோடே நகர்வதும் வேறு வேறு. அந்தப் பெண்ணின் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் ஒரு பீரியட் முழுக்க மாட்டுத்தாவணி பூச்சந்தையை வைத்தே ஓட்டலாம்.

புவியியல்காரர்களுக்குப் பயம் கிடையாது. அவர்களுக்கு ஆபத்து அதில்தான். பூமி சூரியனைச் சுற்றும் பாதையை முட்டை மாதிரி நீட்டி வரைந்துவிட்டுப் பருவகாலம் எடுப்பார்கள். சூரியனுக்குப் பக்கத்தில் வந்தால் கோடைக்காலம் என்று படம் பார்த்த பிள்ளை தானாகவே முடிவுகட்டிக்கொள்ளும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். மிகத் தொலைவில், 15.2 கோடியில் இருப்பது ஜூலையில். பாதை கிட்டத்தட்ட வட்டம்தான். பருவகாலம் மாறுவதற்குக் காரணம் அச்சின் 23½ பாகைச் சாய்வு. வரையும்போதே வட்டமாக வரைந்துவிடுங்கள்.

பருவமழைப் பாடமும் அப்படித்தான். இந்தியா முழுமைக்கும் சொல்கிற ஜூன் முதல் செப்டம்பர் கதையை அப்படியே ஒப்பித்தால், ஐப்பசியில் குடை பிடிக்கிற பிள்ளைக்கு ஒட்டவே ஒட்டாது. நமக்கு ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி வடகிழக்குப் பருவத்தில் வருகிறது, தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. சரி, அதற்காகத் தமிழ்நாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையே கிடையாது என்றும் சொல்லிவிடக் கூடாது. வால்பாறையிலோ நீலகிரியிலோ அப்படிச் சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும்.

வரைபடத்தைச் சுவரில் மாட்டுவதிலும் ஒரு வில்லங்கம். வடக்கு என்றால் மேலே, தெற்கு என்றால் கீழே என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. ஆறு எப்போதும் மேலிருந்து கீழே, அதாவது தெற்கு நோக்கித்தான் ஓடும் என்று எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எனக்கே விளக்கியிருக்கிறான். முதல் தடவை வரைபடத்தைத் தரையில் விரித்து, வகுப்பறையின் உண்மையான வடக்குக்குத் திருப்பிவைத்துக் காட்டினேன். தாமிரபரணி எந்தச் சுவரைப் பார்த்து ஓடுகிறது என்று அவனே சொன்னான். இன்னொன்று அளவை. பெரிய அளவை வரைபடம் என்றால் பெரிய பரப்பைக் காட்டுவது என்று பயிற்சி ஆசிரியர்களே குழம்புகிறார்கள். 1:50,000 என்பது 1:10,00,000ஐவிடப் பெரிய அளவை, பின்னமாக எழுதினால் புரிந்துவிடும். அது காட்டும் பரப்பு சிறியது, விவரம் அதிகம்.

தேர்வுக் கணக்கையும் தள்ளிப்போடாதீர்கள். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் சமூக அறிவியலுக்கு 150இல் 60 மதிப்பெண்தான், மீதி 90 உளவியலுக்கும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும். பி.எட்.டில் உளவியல் தாளைப் பாஸானால் போதும் என்று படித்தவர்கள் இங்கே அழுகிறார்கள். அந்தத் தேர்வில் தேறினாலும் வேலை உறுதியில்லை. 2018ஆம் ஆண்டு அரசாணைப்படி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு.

கடைசியாக, கமிஷன், அதாவது வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து நடத்தும் பி.எட். செய்முறைத் தேர்வு. அந்த நாளுக்கென்று ரெக்கார்டு நோட்டை முந்தின ஆண்டு சீனியரிடம் வாங்கிப் பார்த்து எழுதுவது ஊரறிந்த ரகசியம். அதில் பழைய தகவல்களும் சேர்ந்தே வந்துவிடும்: திட்டக்குழு இன்னும் உயிரோடு இருக்கும் (2015 ஜனவரியிலேயே நிதி ஆயோக் வந்துவிட்டது), ஜிஎஸ்டிக்கு 5, 12, 18, 28 என்று நான்கு அடுக்கு இருக்கும் (2025 செப்டம்பர் 22 முதல் 12ம் 28ம் பெரும்பாலும் போய், 5, 18, சிலவற்றுக்கு 40 என்றாகிவிட்டது). கடையில் வாங்கிய தமிழ்நாட்டு வரைபடத்தில் 32 மாவட்டம் இருக்கும். இப்போது 38. அதை மாட்டிவைத்துவிட்டு நீங்கள் பாடம் எடுக்கும் ஊர் தென்காசியாகவோ மயிலாடுதுறையாகவோ இருந்தால், தேர்வாளர் கவனிக்கும் முன்பே கடைசிப் பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருக்கும்: "சார், நம்ம மாவட்டத்தைக் காணோம்."