முதல்முறை 95 கிலோமீற்றர்: வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு நன்கொடைச் சைக்கிள் ஓட்டம்

பாதை முதலில். வவுனியாவில் ஏ9இல் ஏறி ஓமந்தை, புளியங்குளம் தாண்டினால் மாங்குளம் சந்தி. ஏறத்தாழ 45 கிலோமீற்றர். அங்கே வலப்பக்கம் திரும்பினால் ஏ34. ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று, பிறகு முல்லைத்தீவு. இது இன்னொரு 50. மலையும் இல்லை, மேடும் இல்லை. அதுதான் கஷ்டமே. இறக்கம் இருந்தால் உழக்காமல் கொஞ்சம் உருளலாம். இங்கே ஆறு மணித்தியாலமும் உழக்கவேண்டும், ஆறு மணித்தியாலமும் சீற்றில் இருக்கவேண்டும்.

மாதம்: மாசிக் கடைசி அல்லது பங்குனி. வாடை தணிந்திருக்கும், சோளகம் (தென்மேல் காற்று) இன்னும் பிடித்திராது. ஆனி, ஆடியில் சோளகம் முதுகில் தள்ளும் என்று ஆசைப்படுபவர்கள் அந்த மாதத்து வெயிலையும் கணக்கில் எடுக்கட்டும்.

பயிற்சிக்கு எட்டுக் கிழமை போதும். கிழமை நாட்களில் இரண்டு தரம் 15 கிலோமீற்றர். ஞாயிறுகளில் 25, 35, 45, 30, 55, 65, 75, கடைசி ஞாயிறு 30. நான்காம் கிழமை குறைப்பது உடம்பு தேற. 75ஐ முடித்தவர் 95ஐ முடிப்பார்.

சைக்கிள்

கியர் இல்லையே என்று யோசிக்காதீர்கள். நல்ல ரயர் போட்ட சாதாரண 28 அங்குலச் சைக்கிள், மலிவான ஸ்பிரிங் வைத்த மவுண்டன் சைக்கிளைவிட இந்தப் பாதைக்கு எவ்வளவோ மேல். நீங்கள் உழக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்னும், மொத்தப் பல்லுள்ள ரயர் தாரில் இழுக்கும். அதுதான் இருக்கிறதென்றால் பல் குறைந்த ரயராக மாற்றுங்கள், மீதியை விடுங்கள்.

சீற் உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிக்கால் பெடலில் பட, கால் நேராக நீளவேண்டும். உழக்கும்போது முன்பாதத்தால் உழக்குவதால் முழங்கால் தானாகச் சற்று மடியும். ஊரில் பெரும்பாலானோர் சீற்றை ஒரு சாண் பதித்து வைத்து ஓடுவார்கள். கடைக்குப் போக அது சரி, 40 கிலோமீற்றருக்குப் பிறகு முழங்கால் கேள்வி கேட்கும். ஓட்டத்துக்கு முதல்நாள் புதுச் சீற் பூட்டாதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம், தடித்த தையல் தொடையை உரித்துவிடும். வாசலின் பூசிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பி நின்று உழக்குங்கள்.

காற்று எங்கே போகிறது?

பலருடைய ஓட்டம் முடிகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ரயரில் காற்று இறங்கினால் எல்லோரும் உடனே பஞ்சர் என்று ரியூப்பைக் கழற்றுவார்கள். பழைய மாதிரி வால்வு உள்ள சைக்கிளில் முதலில் பார்க்கவேண்டியது வால்ரியூப். வால்வுக்குள் இருக்கும் தண்டின்மேல் இழுத்து மாட்டிய சின்ன ரப்பர்க் குழாய் அது. காற்று உள்ளே போக வழிவிட்டு, வெளியே வராமல் ஒட்டிப் பிடிப்பது அதன் வேலை. வெயிலில் கிடந்த ரப்பர் பிசுபிசுத்து, நுனியில் வெடிக்கும்.

சோதிப்பது சுகம். காற்றடித்துவிட்டு வால்வு வாயில் எச்சில் ஒரு துளி வையுங்கள். குமிழ் வந்தால் ரியூப்பில் பிழையில்லை. நட்டைத் தளர்த்தி, தண்டை இழுத்தெடுத்து, பழைய ரப்பரை உரித்துவிட்டு, மூன்று சென்ரிமீற்றர் புது ரப்பரை எச்சிலில் நனைத்து, பக்கத்துத் துளை முழுக்க மூடும்வரை ஏற்றுங்கள். துளைக்கு மேலே நிறுத்தினால் காற்று நிற்காது. அரை மீற்றர் வால்ரியூப் மலிவுதான். ஓட்டத்துக்கு முதல்நாள் இரண்டு சில்லிலும் புதிதாக மாற்றி, மிச்சத்தைப் பொக்கற்றில் போட்டுக்கொள்ளுங்கள்.

குமிழ் வராவிட்டால் பஞ்சர். தார் ஓரத்து மண்ணில் நெருஞ்சியும் விடத்தல் முள்ளும் கிடக்கும், ஆகவே தேவையில்லாமல் ஓரம் இறங்காதீர்கள். ரோட்டில் ஒட்டுப்போட நிற்கவேண்டாம்: புது ரியூப்பைப் போட்டுவிட்டுப் பழையதைப் பின்னேரம் ஒட்டலாம். ஆனால் புதுசைப் போடமுன் ரயரின் உட்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓடவிடுங்கள். துணி எங்கே கொழுவுகிறதோ அங்கே முள் இருக்கிறது. எடுக்காவிட்டால் அடுத்த ரியூப்பும் போகும். ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் உரஞ்சி, சொலூஷனை மெல்லிசாகப் பூசி, ஐந்து நிமிடம் காயவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டிய ஒட்டு மத்தியான வெயிலில் கழன்றுவிடும். ரயரைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் பாவிக்காதீர்கள், அது இன்னொரு ஓட்டை போடும்.

குடிப்பும் தீனும்

மணித்தியாலத்துக்கு அரை முதல் முக்கால் லீற்றர். தாகம் எடுக்கமுன், கால் மணிக்கு ஒருதரம் குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலையிடியும் ஓங்காளமும் வரும். ஒரு போத்தலில் தண்ணீர், மற்றதில் ஜீவனி (தண்ணீரில் கரைக்கும் உப்பு-சீனித் தூள்). ஒரு பக்கெற்றை ஒரு லீற்றரில்தான் கரைக்கவேண்டும், அரை லீற்றரில் கரைத்தால் கூடிய பலம் வராது, வயிறுதான் போகும். ஜீவனி இல்லையா? ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு.

தின்ன, மணிக்கு ஒரு கதலிப்பழமும் ஒரு துண்டு பனங்கட்டியும். கச்சான் வேண்டாம், அதிலிருப்பது எண்ணெய், உழக்கும்போது சமிக்காது. முறிகண்டிக் கச்சான் ஆசைக்கு இன்னொரு நாள், மாங்குளத்தில் திரும்பாமல் ஏ9இல் நேரே போங்கள்.

நேரமும் வீதியும்

காலை 5.30க்கு, சைக்கிளின் முன்பக்கமும் பின்பக்கமும் லைற்றோடு வெளிக்கிட்டால், மணிக்கு 16 கிலோமீற்றர் வீதம் 8.30க்கு மாங்குளம். அரை மணி இளைப்பாறி 9 மணிக்கு ஏ34. இதை வேண்டுமென்றேதான் பிந்த வைக்கிறோம்: மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காட்டுத்துண்டுகள், விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் யானை நடமாட்டம். கடைகளும் குறைவு, போத்தல்களை மாங்குளத்திலேயே நிரப்புங்கள். பகல் 12.10 அளவில் முல்லைத்தீவு. பிந்தினால் கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் கடற்காற்று முகத்தில் அடிக்கும்.

ஏ9இல் ஒற்றை வரிசை, ஒரு சைக்கிள் நீள இடைவெளி. பெரிய பஸ் கடந்து போகும்போது முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். ஹான்டிலை இறுக்காமல் நேராகப் பிடியுங்கள். ஒதுங்கப் பற்றைக்குள் போகவேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை (கண்ணிவெடி எச்சரிக்கை) கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு பட்டா வாகனம் (சின்ன லொறி) வரட்டும். அவசரத்துக்கு அம்புலன்ஸ் இலக்கம் 1990.

காசு

கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்காதீர்கள். 70இல் நின்றால் கணக்கு இழுபடும், முடித்தாலும் தேடித்திரிந்து வாங்கவேண்டும். மொத்தத் தொகையை முதலே வாங்குங்கள். இலக்கமிட்ட அடிக்கட்டைப் புத்தகம், இருவர் கையெழுத்திடும் கணக்கு. சாப்பாடு, வாகனச் செலவுக்கு வேறொரு அனுசரணையாளரைப் பிடியுங்கள். நன்கொடையில் ஒரு ரூபாயும் கழிக்காதபோதுதான் அடுத்த வருடம் அதே வாசலில் போய் நிற்கலாம்.

பின்னர் சேர்த்தது: ரேசிங் சைக்கிளில் வருபவர்களுக்கு. உங்கள் வால்வு ஒல்லி, பட்டாவில் இருக்கும் பம்ப் அதற்குப் பொருந்தாது. திருகிப் பூட்டும் பித்தளை அடப்ரர் ஒன்று கொண்டுவாருங்கள். 28 அங்குல ரயர் உங்கள் றிம்மில் ஏறாது (அது 635 மில்லிமீற்றர், உங்களுடையது 622), அதன் ரியூப்பும் உங்கள் ஒல்லி ரயருக்குள் மடிந்து நசியும். வழியில் கிடைக்கும் என்று நம்பாமல் உங்கள் அளவில் இரண்டு ரியூப் எடுத்து வாருங்கள்.