கரண்ட் இல்லாத நாளில் ஆபீஸுக்குப் போங்கள்

சேலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் உங்களை வாரம் ஒருநாளாவது பெங்களூரு ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்களா? சேலத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். எந்த நாள் என்பது உங்கள் விருப்பம் என்றால், உங்கள் பகுதியின் பராமரிப்பு மின்தடை நாளில் கிளம்பிவிடுங்கள். அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டில் காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் மதியம் தாண்டித்தான் வரும். இன்வெர்ட்டருக்கே மூச்சு வாங்கும்.

மற்ற நாளில் திடீரென்று போய் வரும் கரண்டுக்கு, ரூட்டருக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் போதும். வாங்குமுன் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கி, மாற்றுவதற்குக் கடைக்கு இரண்டு தடவை அலைந்தேன். அப்புறம், ஏற்காட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.